மனையில் நூறு நாள்

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை என்று சொன்னவுடன், மருத்துவர் கத்தியை எடுத்து எலும்பைப் பிளந்து, பழைய மஜ்ஜையை அகற்றிப் புதியதை வைத்துத் தைக்கிறார் என்றே பலரும் எண்ணுகின்றனர். கல்லூரியில் அறிவியல் பயிலும் மாணவர் சிலரும் என்னிடம் அவ்வாறு கேட்டதுண்டு. உண்மை வேறு. ஒரு சிறு பையில் செந்நிறமான நீர்மம் இருக்கும். இரத்தம் ஏற்றுவது போலவே அதனை இரத்தக் குழாய் வழியாக ஏற்றுவர். பை வெறுமையானதும் செவிலியர் அதை எடுத்துச் செல்வார். அவ்வளவுதான். அந்தப் பையில் இருந்த அணுக்கள், வழி காட்டுவார் எவரும் இன்றியே, உடலைச் சுற்றி வந்து எலும்பின் உட்புறத்தை அடைந்து அங்கே குடியேறுகின்றன.

ஏற்றுவதற்குச் சிறிது நேரமே போதும். ஏற்றியது நன்கு வேரூன்றுவதற்கோ ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். அந்த ஓராண்டில் மருத்துவமனையில் கழிவது ஏறத்தாழ ஒரு திங்கள். எஞ்சிய காலமெல்லாம் வீட்டில்தான். அந்த வீட்டு வாழ்க்கையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். நான் மருத்துவன் அல்லன். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றி, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். 2022ஆம் ஆண்டு ஆடித் திங்களில் என் துணைவியாருக்கு அவருடைய தம்பியின் அணுக்கள் ஏற்றப்பெற்றன. அப்போது அவருக்கு வயது 59. அவரை வீட்டில் வைத்துப் பேணும் பொறுப்பு என்னுடையதாயிற்று. மாணவர்களே, உங்களில் சிலருக்கும் என்றேனும் ஒருநாள் தாய்க்கோ தந்தைக்கோ பாட்டனார்க்கோ இப்பணியைச் செய்யும் கடமை நேரலாம். ஆதலின் இச்செய்திகளை நீங்கள் அறிந்திருப்பது நன்று.

முதலில் உடல்நூல் பாடம் சிறிது. நம் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள், வெள்ளை அணுக்கள், தட்டணுக்கள் ஆகிய மூவகையும் எலும்பு மஜ்ஜையிலேயே பிறக்கின்றன. ஒரு சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். மறைகின்ற அணுக்களுக்கு ஈடாக நாள்தோறும் புதிய அணுக்கள் பிறந்துகொண்டே இருக்க வேண்டும். இவற்றை யெல்லாம் ஈன்று தரும் தாயணுவைக் குருத்தணு என்கிறோம். ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்து ஸ்டெம் செல் என்றும் வழங்குகிறோம். இரத்தப் புற்றுநோயில் இந்தப் பிறப்பிடமே கெட்டுப் போகிறது. கடுமையான மருந்தினால் நோயணுக்களை அழிக்கும்போது நல்ல மஜ்ஜையும் அழிகிறது. அவ்வாறு வெறுமையான நிலத்தில் வேறொருவருடைய குருத்தணுக்களை விதைப்பதே இச்சிகிச்சை.

இன்று இது எளிதாகத் தோன்றலாம். அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் என்பவர் 1957ஆம் ஆண்டில் இம்முறையால் சிகிச்சை பெற்ற ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களுள் ஒருவரும் நெடுநாள் பிழைக்கவில்லை. ஒருவருடைய அணு மற்றவருடைய உடலுக்குப் பொருந்துமா என்பதை அறியும் வழி அன்று இல்லை. ழான் டோசே என்ற பிரெஞ்சு அறிஞர் 1958இல் வெள்ளை அணுக்களின் மேலுள்ள அடையாளப் பொருள் ஒன்றைக் கண்டறிந்து அந்த வழிக்குத் தொடக்கம் செய்தார். டொராண்டோ நகரில் டில், மக்கல்லக் என்னும் இருவர் 1961இல் குருத்தணு உண்டு என்பதைச் சோதனையால் காட்டினர். மருத்துவர் பலர் இம்முயற்சியைக் கைவிட்ட காலத்திலும் தாமஸ் விடவில்லை. அவருடைய மனைவி டாரத்தி ஆய்வுக்கூடத்தில் உடன் உழைத்தார், கட்டுரைகளைச் செப்பனிட்டார், அலுவல்களை எல்லாம் கவனித்துக்கொண்டார். 1990இல் நோபெல் பரிசு பெற்றவர்களின் பட்டியலில் கணவர் பெயர் உண்டு. அம்மையார் பெயர் இல்லை. இதை நான் வகுப்பில் சொல்லாமல் விடுவதில்லை. நம் நாட்டில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983இலும், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986இலும் இச்சிகிச்சை தொடங்கிற்று.

உடன்பிறந்தார் ஒருவருடைய அணுக்கள் முழுவதும் பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்கே வாய்ப்பு. தந்தையிடம் இரண்டு தொகுதி, தாயிடம் இரண்டு தொகுதி. குழந்தை ஒவ்வொருவரிடமிருந்தும் ஒன்றைப் பெறுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், விளங்கும். என் துணைவியாருடன் பிறந்தவர் மூவர். மூத்தவர் இருவரும் பொருந்தவில்லை, இளையவர் பொருந்தினார். ‘சிறு வயதில் என் பங்குப் பலகாரத்தையும் பிடுங்கித் தின்றவன், இப்போது வட்டியோடு கொடுத்துவிட்டான்’ என்று அவர் சொல்லிச் சிரித்தார். உடன்பிறந்தார் பொருந்தாதவர்களுக்கு அயலார் எவரேனும் பொருந்தக்கூடும். அவ்வாறு கொடுக்க முன்வருவோரைப் பதிவு செய்ய, தாத்ரி என்னும் பதிவகம் 2009இல் சென்னையில் தொடங்கப்பெற்றது. 18 வயது நிரம்பிய நலமுள்ளவர் பதிந்துகொள்ளலாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சினால் துடைத்து எடுப்பதே முதற் சோதனை. பொருந்தி வந்தால், சில நாள் ஊசி போட்டு, பிறகு கையிலிருந்து இரத்தத்தை ஓர் இயந்திரத்தின் வழியே செலுத்திக் குருத்தணுக்களை மட்டும் பிரித்துக்கொண்டு எஞ்சியதைத் திருப்பித் தருவர். என் மைத்துனர் சில மணி நேரம் படுத்திருந்துவிட்டு மறுநாளே தம் கடைக்குத் திரும்பினார்.

அணு ஏற்றிய பதினாறாம் நாள் வெள்ளை அணுக்கள் தலைகாட்டின. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணுக்கள் 500க்கு மேல் மூன்று நாள் தொடர்ந்து நின்றால், விதைத்தது முளைத்துவிட்டது என்று கொள்வர். இருபத்தாறாம் நாள் எங்களை வீட்டுக்கு அனுப்பினர். எங்கள் ஊர் தொலைவில் இருந்தது. நூறு நாள் முடியும்வரை அழைத்தவுடன் வந்து சேரும் தொலைவில் இருக்க வேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. எனவே மருத்துவமனையை அடுத்த தெருவில் மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்தோம்.

‘வெள்ளை அணுக்கள் வந்துவிட்டனவே, பிறகு ஏன் இவ்வளவு காவல்?’ என்று உறவினர் கேட்டனர். நியாயமான கேள்வி. முதலில் வருகின்றவை எதிர்ப்பட்ட கிருமியோடு போரிடும் காலாட்கள். பழைய பகையை நினைவில் வைத்திருந்து அடையாளம் கண்டுகொள்ளும் அணுக்கள் வேறு வகையின. அவை வளர்ந்து தேர்ச்சி பெற ஓராண்டு, ஈராண்டு ஆகும். அதற்குள் உடல், குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசிகளை எல்லாம் மறந்துபோகிறது. ஐந்தாம் வகுப்பு வரை படித்த பிள்ளைகள் ஒருநாள் காலையில் எழுத்துக்கூட அறியாதவராக வந்து அமர்ந்தால் எப்படி இருக்கும்? அத்தகைய வகுப்பு அது. அதுமட்டும் அன்று, புதிய அணுக்கள் அளவு மீறிச் சினங்கொள்ளாதபடி அவற்றை அடக்கும் மருந்தையும் நாள்தோறும் கொடுக்கிறோம். ஆகவே காவல் வேண்டும்.

வீடு பார்க்கும்போதே காவல் தொடங்கியது. முதலில் பார்த்த வீடு நல்ல வீடு, வாடகையும் குறைவு. பக்கத்து மனையில் பழைய கட்டடத்தை இடித்துக்கொண்டிருந்தனர். இடிபாட்டுத் தூசியில் பூஞ்சையின் நுண்ணிய வித்துகள் பறக்கும். நாம் அவற்றை நாள்தோறும் உள்ளிழுத்தும் நலமாக இருக்கிறோம். இவர்களுக்கோ அவை நுரையீரலில் முளைத்துவிடும். அந்த வீட்டை விட்டோம். அடுத்த வீட்டின் சன்னல் விளிம்பில் புறாக்கள் குடியிருந்தன. புறா எச்சமும் ஆகாது. அவற்றை விரட்டி, விளிம்பைக் கழுவி, வலை கட்டிய பிறகே குடிபுகுந்தோம். பூந்தொட்டி இல்லை, குவளையில் நீரூற்றி வைக்கும் பூ இல்லை, தரை விரிப்பு இல்லை. நாள்தோறும் ஈரத்துணியால் தரையைத் துடைத்தோம்; துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பும் அல்லவா? வாயிலில் செம்பு நிறைய நீர் வைத்துக் கால் கழுவும் நம் பழைய வழக்கத்தோடு, சோப்பும் வைத்துக் கை கழுவும் வழக்கத்தைச் சேர்த்தோம். கொரோனாக் காலம் முற்றும் நீங்காத ஆண்டாதலின், முகக்கவசம் அணியச் சொன்னபோது ஒருவரும் வருத்தப்படவில்லை.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பாடக் குறிப்பேடு எழுதக் கற்றுக்கொண்ட கை என்னுடையது. ஆகவே ஒரு நீண்ட கணக்கேட்டை வாங்கிக் கோடிட்டேன். காலை 6, பகல் 2, இரவு 8 ஆகிய மூன்று வேளை உடல்வெப்பம். காலையில் எடை, இரத்த அழுத்தம். பருகிய நீரின் அளவு. உண்டது என்ன, மிச்சம் வைத்தது என்ன. வயிற்றுப்போக்கு எத்தனை முறை. வாயில் புண் உண்டா. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்பு உண்டா. கண் வெளுத்திருக்கிறதா, மஞ்சளித்திருக்கிறதா. முதல் திங்களில் பதினொரு வகை மருந்துகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கொடுத்த பிறகே குறியிட வேண்டும். குறியிட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று எழுந்தால், நடுவே கதவு தட்டும் ஓசை கேட்கும், மாத்திரை மேசையிலேயே கிடக்கும்.

மருந்துகளில் சைக்ளோஸ்போரின் என்ற ஒன்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். புதிய அணுக்களை அடக்கி வைப்பது அதுதான். பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை, கடிகாரம் தவறாமல் தர வேண்டும். குறைந்தால் புதிய அணுக்கள் சீறும். மிகுந்தால் சிறுநீரகம் கெடும், கை நடுங்கும், இரத்த அழுத்தம் ஏறும். எனவே அடிக்கடி இரத்தத்தில் அதன் அளவைச் சோதிப்பர். அந்நாளில் காலை மருந்தைக் கொடுக்காமல் கையோடு எடுத்துச் சென்று, இரத்தம் எடுத்த பிறகே கொடுக்க வேண்டும். பழக்கத்தினால் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வந்தவர்கள், சோதனை பயனற்றுப் போய்த் திரும்பியதை நான் பலமுறை கண்டேன். மற்றொன்று: பம்பளிமாசுப் பழம் இம்மருந்தோடு சேரக் கூடாது, இரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும்.

புதிய அணுக்களின் சீற்றம் என்றேனே, அது என்ன? தம்பியின் வெள்ளை அணுக்களுக்கு அக்காளின் உடல் அயல்நாடு. வீட்டுக்காரரையே அயலார் என்று எண்ணி அவை தாக்கத் தொடங்கும். தோல், குடல், ஈரல் ஆகிய மூன்றுமே முதலில் தாக்கப்படும். தோலில் சிவப்பு, நீராக வயிற்றுப்போக்கு, கண்ணில் மஞ்சள் ஆகியவை அறிகுறிகள். வியப்பு என்னவென்றால், இந்தச் சீற்றம் சிறிதளவு இருப்பதனால் எஞ்சிய நோயணுக்களும் அழிகின்றன. முற்றும் அடக்கினாலும் ஆகாது, முற்றும் விட்டாலும் ஆகாது. முப்பத்தெட்டாம் நாள் காலையில் உள்ளங்கைகள் சிவந்திருந்தன. மருதாணி பூசியதுபோல் இருக்கிறது என்றார் அவர். ஏட்டில் எழுதிக்கொண்டு அன்றே மருத்துவரிடம் காட்டினோம். பூசு மருந்தினால் தணிந்தது. அன்று முதல் வெயிலில் போகும்போது குடையும் முழுக்கை உடையும் கட்டாயமாயின. வெயில் பட்டாலும் தோல் சீற்றம் கிளம்பும்.

இனி உணவு. இதைச் சற்று விரிவாகவே சொல்லுகிறேன். ஏனெனில் வீட்டு வேலையில் பாதி இதுதான். நன்றாக வெந்தது, சூடாக இருப்பது, உடனே உண்பது ஆகிய மூன்றும் விதி. இட்லியைப் போன்ற நண்பன் வேறில்லை. ஆவியில் வெந்து நேரே தட்டுக்கு வருகிறது. ஆனால் அதற்குத் துணையான தேங்காய்ச் சட்டினி பச்சையாக அரைப்பதாயிற்றே! சட்டினியை அடுப்பிலேற்றிக் கொதிக்கவிட்டோம். அதன் சுவை போயிற்று. பிறகு சாம்பாரோடு நின்றோம். இரசம் இறக்கியபின் கொத்தமல்லித் தழையைத் தூவுகிறோமே, அது கூடாது. கொதிக்கும்போதே போட வேண்டும். வெந்த பண்டத்தின்மேல் மிளகுத்தூள் தூவுவதும் அப்படியே. ஊறுகாய், வெட்டி வைத்த பழம், கடைப் பலகாரம் இவை இல்லை. தோலுரித்து உண்ணும் வாழைப்பழமும் ஆரஞ்சும் உண்டு. தயிர் வேண்டும் என்று கேட்டார். சில திங்கள் பொறுக்கச் சொன்னார் மருத்துவர். ஒரு மருத்துவமனையின் உணவு விதி மற்றொன்றில் அப்படியே இராது. அண்மை ஆய்வுகளைக் கண்டு சிலர் இவற்றைத் தளர்த்தியும் வருகின்றனர். தம் மருத்துவர் சொல்வதைக் கேட்பதே முறை. அடுத்த படுக்கைக்காரர் சொல்வதையன்று.

விதிகளை விடக் கடினமானது உண்ணச் செய்வது. மருந்தின் வேகத்தால் நாவில் எல்லாம் இரும்புச் சுவையாகத் தெரியும். வாய்ப்புண் எரியும்; எச்சில் சுரக்காது. உப்பும் சமையல் சோடாவும் கரைத்த நீரால் நாள்தோறும் பலமுறை வாய் கொப்பளிக்கச் செய்தோம். ஒரு தட்டு நிறைய வைத்தால் பார்த்தவுடனே வெறுப்பு வருகிறது. எனவே சிறு கிண்ணத்தில், இரண்டு மணிக்கு ஒருமுறை. குழைந்த பருப்புச் சோறு, கேழ்வரகுக் கூழ், நன்கு வெந்த முட்டை.

சமைத்தவர் யார் என்று கேட்பீர்கள். நான்தான். முப்பத்தேழு ஆண்டு இல்லறத்தில் வெந்நீர் வைப்பதற்கு மேல் அடுக்களையில் எனக்கு வேலை இருந்ததில்லை. கற்பித்தவர் என் துணைவியார். அடுக்களை வாயிலுக்கு வெளியே, புகை படாத இடத்தில், ஒரு நாற்காலியில் முகக்கவசத்தோடு அமர்ந்துகொண்டு, ‘கடுகு வெடித்துவிட்டது, ஓசை கேட்கவில்லையா? அடுப்பைத் தணியுங்கள்’ என்பார். நல்ல ஆசிரியர், மாணவன் சுமாரானவன்.

இங்கே ஒரு கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். எங்களைக் காண வந்த அன்பர் பலர், ‘அவரைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கூறிச் சென்றனர். அன்பினால் சொன்னதுதான். ஆயினும் எனக்கு அது உடன்பாடன்று. என் சிறு சம்பளத்தில் மகளைப் படிக்க வைத்து, என் தாயாரை இறுதிவரை பேணி, ஒரு வீட்டையும் கட்டி முடித்தவர் குழந்தை அல்லர். நோய் அவருடைய வெள்ளை அணுக்களைக் குறைத்ததே அன்றி அறிவைக் குறைக்கவில்லை. ‘மருந்து குடித்தாயா? கையைக் கழுவினாயா?’ என்று நாள் முழுதும் ஒருவர் குரல் மட்டுமே ஒலிக்கும் வீட்டில், மற்றவர் மனம் சுருங்கிப் போகும். எழுபதாம் நாளை ஒட்டி அவர் பேச்சுக் குறைந்தது. தலைமயிர் முளைக்கத் தொடங்கிய நேரம்; பூச்சூட முடியாது; பேத்தியை மடியில் இருத்த முடியாது; வாயிலில் கோலமிட முடியாது. சுவரைப் பார்த்துக்கொண்டே அமர்ந்திருப்பார். ஒருநாள், ‘என்ன சமைப்பது, எவ்வளவு செலவு என்பதையாவது நான் சொல்லலாமா?’ என்று கேட்டார்.

அன்றே வீட்டுக் கணக்கேடும் பணப்பையும் அவரிடம் சென்றன. காய்கறிக்காரரோடு தொலைபேசியில் விலை பேசினார். ஊரில் பூட்டிக் கிடந்த வீட்டின் வரி, தென்னைக் குத்தகை, உறவினர் திருமணத்துக்கு மொய் எல்லாம் அவர் பொறுப்பு. மருத்துவரிடம் செல்லும்போது, கேட்க வேண்டிய வினாக்களை அவரே எழுதிக்கொண்டு வந்தார். மருத்துவர் என்னை நோக்கிப் பேசினால், ‘நோயாளி நான்தான் ஐயா’ என்பார் புன்னகையோடு. விதி ஒன்றும் தளரவில்லை. வெந்த உணவும் கழுவிய கையும் முன்போலவே. ஆனால் பேச்சு திரும்பி வந்தது.

ஐம்பத்து மூன்றாம் நாள் இரவு நிகழ்ந்ததையும் சொல்ல வேண்டும். வெப்பம் 100.4 பாரன்ஹீட், அதாவது 38 செல்சியசு, தொட்டால் எந்த நேரமாயினும் அழைக்க வேண்டும் என்று அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தனர். அன்று மாலை, மார்பில் பொருத்தியிருந்த குழாயைச் செவிலியர் மருந்துநீரால் கழுவிச் சென்றார். ஒரு மணி நேரத்திற்குள் உடல் உதறிக் குளிர் எடுத்தது, போர்த்தியபின் தணிந்தது. இரவு எட்டு மணிக்கு 99.2. பத்தரை மணிக்கு 100.6. ‘இரண்டு மாத்திரை போட்டால் விடிவதற்குள் இறங்கிவிடும், இந்நேரத்தில் ஏன் அலைய வேண்டும்?’ என்றார் அவர். களைப்பினால் சொன்ன சொல். நம் வீடுகளில் காய்ச்சல் என்றால் பாரசிட்டமால் கொடுப்பதே முதல் வேலை. இங்கே அதைத் தாமாகக் கொடுக்கலாகாது. மாத்திரை வெப்பத்தை மறைக்குமே அன்றிக் கிருமியைக் கொல்லாது. எதிர்ப்பு ஆற்றல் அற்ற உடலில் காய்ச்சல் ஒன்றே கிருமி எழுப்பும் ஒரே ஓசையாக இருக்கலாம். தொலைபேசியில் அழைத்தேன், ‘உடனே வாருங்கள்’ என்றனர். ஆட்டோவில் பத்து நிமிடம். ஏட்டைப் பார்த்த இளம் மருத்துவர், குழாயைக் கழுவிய நேரத்தையும் குளிர் எடுத்த நேரத்தையும் விரலால் தொட்டுக் காட்டி, ‘குழாயில்தான் கிருமி இருக்க வேண்டும்’ என்றார். ஒரு மணி நேரத்திற்குள் மருந்து இறங்கத் தொடங்கியது. இரத்தத்தை வளர்த்துச் சோதித்ததில் அவர் எண்ணியது சரியாயிற்று. குழாயை எடுத்துவிட்டனர். ஒன்பது நாளில் திரும்பினோம். விடியும்வரை பொறுத்திருந்தால் இரத்த அழுத்தம் சரிந்திருக்கும் என்றார் பெரிய மருத்துவர்.

மாணவர்கள் கேட்க வேண்டிய மற்றொரு செய்தி. என் பேத்தி அப்போது எட்டாம் வகுப்பு. ஞாயிறுதோறும் முகக்கவசத்தோடு வந்து, கதவருகே அமர்ந்து, பாட்டிக்கு நாளிதழ் படித்துக் காட்டுவாள். ஒரு வெள்ளிக்கிழமை அவளே தொலைபேசியில் அழைத்தாள். ‘தாத்தா, என் பக்கத்தில் உட்காரும் பெண்ணுக்கு அம்மை போட்டிருக்கிறது. நான் இந்த வாரம் வரவில்லை’ என்றாள். சின்னம்மை ஒட்டியவருக்கு அது வெளிப்பட மூன்று வாரம் வரை ஆகலாம்; வெளிப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பே பிறருக்கும் பரவத் தொடங்கும். இதை அறிவியல் பாடத்தில் படித்திருந்தாள். மூன்று வாரமும் வரவில்லை. நாளிதழைத் தொலைபேசியில் படித்தாள். நாங்கள் எவரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததன்று. பெரியவர் சிலர் இருமிக்கொண்டே வந்து, ‘வாயிலோடு பார்த்துவிட்டுப் போகிறேன்’ என்று நின்றதுண்டு. அவர்களைத் திருப்பி அனுப்பியதில் இரண்டு உறவு இன்னும் முழுதும் சீராகவில்லை. அதற்காக நான் வருந்தவில்லை.

பேணுகின்றவரும் மனிதரே. இரவில் மூன்று முறை எழுந்து, பகலில் சமைத்து, துவைத்து, மருந்துக் கடைக்கு ஓடினால் ஒரு திங்களில் கண் மங்கும். மாத்திரைகளின் நிறம் குழம்பும். எங்கள் மகள் வாரத்தில் இரண்டு இரவு வந்து தங்கினாள். ‘அப்பா, போய்த் தூங்குங்கள்’ என்று என்னை அடுத்த அறைக்குத் துரத்துவாள். நான் மறுத்துப் பேசுவதில்லை. இருவர் முறை வைத்துப் பார்க்க இயலாத குடும்பம், தொடங்குவதற்கு முன்பே யாரையேனும் துணைக்குத் தேடிக்கொள்வது நல்லது.

நூறாம் நாள் மஜ்ஜையைச் சோதித்தனர். அணுக்களெல்லாம் தம்பியுடையவை, பெண்ணின் உடலில் ஆணின் இரத்தம் ஓடுகிறது என்பதைச் சோதனைத் தாளில் கண்டோம். ஊருக்குத் திரும்பினோம். அடுத்த தையில் சைக்ளோஸ்போரினைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினர். ‘பி’ வகையாக இருந்த அவருடைய இரத்தம் தம்பியின் ‘ஓ’ வகையாகவே மாறிவிட்டது. இது புதுமைக்காகச் சொல்வதன்று. பழைய அட்டையைக் காட்டி ‘பி’ வகை இரத்தத்தை ஏற்றினால் இடர் நேரும். இரத்தம் ஏற்ற நேர்ந்தால் கதிரியக்கம் செலுத்திப் பக்குவம் செய்ததையே ஏற்ற வேண்டும் என்பதும் புதிய அட்டையில் எழுதப்பட்டுள்ளது. அந்த அட்டை எப்போதும் அவர் கைப்பையில் இருக்கும்.

பின்னர்த் தடுப்பூசிகள். கைக்குழந்தைக்குப் போடுவதுபோல் கக்குவான், தொண்டையடைப்பான், இளம்பிள்ளை வாதம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கினர். உயிருள்ள கிருமியைத் தளர்த்திச் செய்யும் ஊசிகளை ஈராண்டு கழிந்த பிறகே போடலாம். ஆகவே 2024 ஆடியில்தான் தட்டம்மை ஊசி. குழந்தைகளோடு வரிசையில் அமர்ந்திருந்த அவரைக் கண்ட ஓர் இளந்தாய், ‘பேரனுக்கா அம்மா?’ என்று கேட்டார். ‘இல்லை, எனக்குத்தான்’ என்று சொல்லிச் சேலை முந்தானையை ஒதுக்கிக் கையை நீட்டினார். ஊசி போட்ட தேதியை ஏட்டில் எழுத நான் பேனாவை எடுத்தேன். ஏட்டை அவர் வாங்கிக்கொண்டார். இப்போது எழுதுகிறவர் அவரே.